ஆனந்தராசா வீட்டின் ஆறு பாகை

2014 தைப்பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் ஆனந்தராசா குடும்பம் இருந்த வீட்டுக்குள் ஆறு பாகை சூடு குறைந்தது. குறைந்தது குறைந்ததுதான், பிறகு ஏறவில்லை. மேல்வீட்டுச் சிசிலியன் பெனியனோடு நின்று சிகரெட் பிடிக்க, கீழே ஆனந்தராசாவின் மனைவி ஞானம்பிகை கோட்டுப் போட்டுக்கொண்டு வெங்காயம் தாளித்தாள். தோசை மா இரண்டு நாள் வைத்தும் பொங்கவில்லை. மகள் சாம்பவி கையுறையோடு கணக்குச் செய்தாள். சனம் வந்து பார்த்தது. பக்கத்திலிருக்கிற பழைய அரண்மனையைக் கோடைக்குக் குளிர்ச்சியாக இருக்கவென்று ராசாக்கள் கட்டினவையாம், அதன் காற்றுக்குழாய் ஒன்று இந்த வீட்டுக்குக் கீழால் போகுதாம் என்று ஒருவர் சொன்னார். கோயிலில் நகுலேஸ்வரன் என்ற பெரியவர் இது கண்ணூறு என்று அடித்துச் சொல்லி, பூசணிக்காய் வெட்டச் சொன்னார். வெட்டினார்கள். ஒரு நல்ல பூசணிக்காய் வீணாய்ப் போனது, அவ்வளவுதான்.

ஆனந்தராசாவுக்கு வாயால் பொய் சொல்ல வராது. அவரைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. பொய் சொல்ல வெளிக்கிட்டால் காது சிவந்து நாக்குக் குழறும், அவருடைய உடம்புவாசி அப்படி. பொலிதேயாமாப் பக்கம் மூன்றாம் மாடியில் தனியே இருந்த சிஞ்ஞோரா அகத்தாவைக் காலை எட்டிலிருந்து இரண்டு மணி வரை பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. சிஞ்ஞோராவுக்கு எண்பத்தாறு வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டது, குளிர் துப்பரவாக ஒத்துவராது. மிலானோவில் இருந்த மகள் ரோசாலியா வேலைக்கு எடுக்கும்போதே இரண்டு விஷயம் சொல்லியிருந்தா: அம்மாவைத் தனியே விடக்கூடாது, அறை இருபது பாகைக்குக் கீழே போகக்கூடாது. ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கு அவருடைய கைபோனுக்கு எடுத்து, இப்ப எத்தனை பாகை என்று கேட்பா. ஆனால் வீட்டில் மூன்று பேருடைய வதிவிட அனுமதியான பெர்மெசோவையும் புதுப்பிக்க ஒரு வேலையின் ஒப்பந்தம், அந்தக் கொந்த்ராத்தோ, காணாது என்று ஆனந்தராசாவுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆகவே இரண்டு கட்டடம் தள்ளிப் படிக்கட்டுக் கழுவும் வேலையையும் பிடித்துக்கொண்டார். ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை சிஞ்ஞோரா தனியே இருப்பா. காஸ் ஹீற்றரை எரியவிட்டுப் போகப் பயம், அணைத்துவிட்டுத்தான் போவார். இது வெளியில் வந்தால் வேலை போகும், வேலையோடு கொந்த்ராத்தோ போகும், அதோடு பெர்மெசோவும் சாம்பவியின் பள்ளிக்கூடமும் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

படியில் நின்றாலும் மனம் அந்த அறையில்தான். நல்ல காலமோ கெட்ட காலமோ, அவரிடம் ஒரு பொழுதுபோக்கு இருந்தது: புரோகிராம் எழுதி ஏற்றக்கூடிய உள்ளங்கையளவு அர்டுயினோ போர்டுகளும், மூன்று கால் சென்சரும், எட்டுக் கால் ரேடியோத் துண்டுகளும். ஒரு போர்டைச் சிஞ்ஞோராவின் கதிரைக்குப் பின்னால் வைத்தார். மற்றதைச் சின்னத் திரையோடு ஒரு சோப்புப் பெட்டிக்குள் அடக்கிச் சட்டைப் பையில் போட்டார். அங்கை சென்சர் அளக்கிற சூட்டை ரேடியோ அனுப்பும், இஞ்சை திரையில் எண் விழும். முதலில் கட்டடத்து வைஃபை எல்லாம் குறுக்கே நின்று பாதி எண்களை விழுங்கியது. அலைவரிசையை மாற்றி, ரேடியோவுக்குப் போகும் மின்கம்பியில் ஒரு கப்பாசிற்றரை ஒட்டியபிறகு ஒழுங்காய் வந்தது. வந்த எண் பதினாலு. அன்று பதினொரு மணிக்கு ரோசாலியா கேட்க, காது சிவந்து நாக்குக் குழறிப் போனை வெட்டிவிட்டார்.

அடுத்தநாள் லப்டொப்பையும் கொண்டுபோய், இரண்டாம் மாடிப் படியில் ஈரத்துக்கு மேலே குந்தியிருந்து, பையிலிருந்த போர்டின் புரோகிராமில் ஒரேயொரு வரி சேர்த்தார்: வருகிற எண்ணோடு ஆறைக் கூட்டு. இனித் திரையில் இருபது நிற்கும். அவர் திரையில் உள்ளதை உள்ளபடி வாசிக்கலாம், வாய் சுத்தம். ரோசாலியா கேட்டா, இவர் வாசித்தார், காது சிவக்கவில்லை. புரோகிராமை ஏற்றியபோது நேரம் பத்தரை. சீசாவில் வீடு குளிர்ந்ததும் அப்போதுதான்.

இரண்டையும் பொருத்திப் பார்க்க அவருக்கு மூன்று கிழமை எடுத்தது. ஒரு நாள் சோப்புப் பெட்டியின் பற்றரி செத்துவிட்டது. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் ஞானம்பிகை கோட்டைக் கழற்றிப்போட்டுவிட்டுச் சிரித்தபடி நிற்கிறாள், தோசை மா சட்டிக்கு வெளியால் வழிகிறது. பற்றரியை மாற்றினார். சாம்பவி தும்மினாள். கழற்றினார், மேல்சட்டை போதும் என்றாள். திரும்பப் போட்டார், ஜன்னலை ஆர் திறந்தது என்று கேட்டாள். எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியபிறகு என்ன செய்தார் என்றால், பற்றரியைப் போட்டபடியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்.

அதுதான் அவரைத் தின்றது. பெண்சாதி பிள்ளை நடுங்குவது தன்னால் என்று தெரிந்துகொண்டே ஒரு மனிசன் அவர்களோடு இருந்து சோறு சாப்பிட்டான். பதின்மூன்று வயதுச் சாம்பவி வீட்டுக்காரருக்கு நல்ல இத்தாலியனில் ஒரு கடிதம் எழுதினாள், ஜன்னல் சரியில்லை, நாங்களும் மனிசர்தானே என்றெல்லாம் சூடாக எழுதி, அப்பா கையெழுத்து வையுங்கோ என்றாள். வைத்தார். பாவம் அந்த வீட்டுக்காரர், ஓடிவந்து மன்னிப்புக் கேட்டுத் தன் காசில் ஜன்னல் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். ஆனந்தராசா அவருக்குக் கோப்பி கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. கோடையில் ரோசாலியா பாகை கேட்கவில்லை, போர்டுகள் அலுமாரிக்குள் கிடந்தன, வீடும் மற்ற வீடுகளைப்போல வெந்தது. கார்த்திகையில் கேள்வியும் பெட்டியும் குளிரும் திரும்பத் தொடங்கின. அந்தக் காலத்தில் அவர் கண்ணாடி பார்த்துச் சவரம் எடுப்பதை விட்டுவிட்டார். கையால் தடவித் தடவி எடுத்தார்.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு ரோசாலியா தாயிடம் வந்தா. ஆனந்தராசா மூன்று நாள் பாடமாக்கி வைத்திருந்த இத்தாலியனில், குசினியில் வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இரண்டு மணித்தியாலம் அம்மாவை விட்டுவிட்டுப் போறன், ஹீற்றரை அணைக்கிறன், நான் சொன்ன இருபது இருபதில்லை, பதினாலு. ரோசாலியாவின் முகம் கறுத்தது. இறங்கிப்போய்ப் புதிதாய் ஒரு தேர்மாமீற்றர் வாங்கிவந்து சுவரில் கொளுவி, ஹீற்றரை அணைக்கச் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தா. இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் இருபது. தட்டிப் பார்த்தா, இருபதேதான். அப்படியென்றால் சோப்புப் பெட்டித் திரை கணக்குப்படி இருபத்தாறு காட்டியிருக்க வேணும், அதுவும் இருபதே காட்டியது. இது ஏன் என்று இன்றுவரைக்கும் ஒருவரும் விளக்கவில்லை. தனியே விட்டுப் போனதற்கு ரோசாலியா நன்றாக ஏசினா. ஏசிவிட்டு, படி வேலையை விடச் சொல்லி, அந்த இரண்டு மணித்தியாலத்துக்கும் ஈடாகக் கொந்த்ராத்தோவைக் கூட்டி எழுதுறன் என்றா. பாகை விஷயத்தில் இவர் தன்னைத்தானே வருத்துகிற ஒரு அப்பாவி என்று முடிவுகட்டினா. வேலை போகப்போகுது என்று வந்தவருக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கிடைத்தது. அவருக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அப்போதுதான் கதிரையில் இருந்த சிஞ்ஞோரா வாய் திறந்தா.

"ஹீற்றர் இல்லாமல்தான் எனக்கு நல்ல சூடு வாறது," என்றா. "பத்து மணிபோல வெங்காயம் தாளிக்கிற மணத்தோட வரும். ஆரோ ஒரு நல்ல மனிசி."

அந்த நல்ல மனிசி கோட்டுக்குள் நடுங்கியபடி அடுப்படியில் நிற்பதை ஆனந்தராசா இரண்டு குளிர்காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, மனைவியையும் மகளையும் மேசையில் இருத்தி, சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார். கூட்டிய ஆறையும் அது சிஞ்ஞோராவிடம் போனதையும் சொன்னார், பற்றரி செத்த நாளையும் சொன்னார், தெரிந்துகொண்டே விட்டதையும் சொன்னார். மிலானோக்காரிக்கு இத்தாலியனில் சொன்னது இலேசாக இருந்தது, இது தமிழில் ஒவ்வொரு சொல்லாக இழுபட்டு வந்தது. சாம்பவி தன் கோப்பையைத் தள்ளிவைத்தாள். பிறகு, வீட்டுக்காரருக்கு இன்னொரு கடிதம் போகவேணும், இந்த முறை நீங்கள்தான் எழுதவேணும், நான் பிழைகூடத் திருத்தமாட்டன் என்றாள். ஓம் என்றார்.

ஞானம்பிகை அவரை ஏசினாள். பெர்மெசோவுக்காகப் பொய் சொன்னதற்கு இல்லை, குளிருக்கும் இல்லை.

"கேட்டிருந்தால் தந்திருப்பன்," என்றாள். "சொல்லாமல் எடுத்தால் அது களவு, இஞ்சாருங்கோ. என்னட்டையே களவெடுத்திருக்கிறியள்."

அவர் தலை நிமிரவில்லை. சோப்புப் பெட்டியைத் திறந்து, இந்த வரியை இப்பவே அழிக்கிறன் என்று லப்டொப்பை எடுத்தார். வருசக் கடைசியில் பலெர்மோவிலும் பனி கொட்டலாம் என்று அன்று ரீவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஞானம்பிகை ரீவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இரவில அந்த வயசு மனிசிக்கு ஹீற்றர் எரியுமே?" என்று கேட்டாள்.

இல்லை, இரவில் எரியாது என்றார்.

"அப்ப அழிக்காதேங்கோ. ஆறை எட்டாக்கி விடுங்கோ."

ஆனந்தராசா எட்டாக்கினார். சாம்பவி எழும்பிப்போய் இரண்டாவது சோடி காலுறை போட்டுக்கொண்டு வந்தாள். ஞானம்பிகை கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிவிட்டு, கறி ஆற முதல் சாப்பிடுங்கோ என்று அவருக்குச் சோறு போட்டாள்.