நான்காம் படுக்கையின் குறிப்பு

தேர்வானவர் ஆஷா என்று கண்காணிப்பாளர் அறைக் கதவில் தாள் ஒட்டியதும், முதலில் வந்து அவள் கையைப் பிடித்தவள் நாகஜோதிதான். அந்த மேற்படிப்பு இடத்துக்குப் போட்டியிட்டதே அவர்கள் இரண்டு பேர்தான். தோற்றவள் கைப்பையிலிருந்து கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினாள். கோவில்பட்டியிலிருந்து அம்மா கொடுத்துவிட்டதாம். நம் இரண்டு பேரில் யாருக்குக் கிடைத்தாலும் பிரிக்கலாம் என்று வைத்திருந்தேன் என்றாள். ஆஷா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். அது கரையவே நெடுநேரம் ஆயிற்று.

தாராபுரம் சாலையில் இருந்தது அந்த மருத்துவமனை. பனியன் கம்பெனி முதலாளிகள் சிலர் அறக்கட்டளை வைத்து நடத்தினார்கள். அதன் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆஷாவுக்கு மூன்று வருடம், நாகஜோதிக்குப் பதினொரு வருடம். இப்போது ஒரு நர்ஸை இரண்டு வருட நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு அனுப்புவதாக அறக்கட்டளை அறிவித்திருந்தது. அதைப் படித்துவிட்டு வருகிறவள் நோயாளியைத் தலை முதல் கால் வரை தானே பரிசோதிக்கலாம். மருத்துவமனை வகுத்த விதிகளுக்குள் சிகிச்சையைத் தானே தொடங்கலாம். டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஆஷா எதையும் கட்டம் போட்டு எழுதிப் பார்க்கிறவள். நல்லூரில் தையல் நூல் கடைக்கு மேல் நடக்கும் மாலை ஆங்கில வகுப்பில், தினம் பத்து வரி எழுதச் சொல்லி ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். அதன் பின்பக்கத்தில் அவள் இந்தப் படிப்புக்கான வழிகளை எழுதியிருந்தாள். சொந்தச் செலவில் படிக்கலாம். அப்பா சகாயராஜ் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர், அவரால் ஆகாது. வங்கிக் கடன் வாங்கலாம். இரண்டு வருடம் வீட்டுக்கு என்ன கொடுப்பது? அரசு வேலையில் இருந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு போகிற வழிகள் உண்டு. அவள் அரசு வேலையில் இல்லை. மிச்சம் இருந்தது இந்த ஒரே வழி. கட்டணம் அறக்கட்டளை கட்டும், பாதிச் சம்பளம் வரும், முடித்துவிட்டு மூன்று வருடம் இங்கேயே வேலை செய்ய வேண்டும். ஒருத்தி போய்த் திரும்பிய பிறகுதான் அடுத்தவளை அனுப்புவார்கள். முப்பத்தைந்து நிறைந்தவர்களுக்கு இடமில்லை.

நாகஜோதிக்கு முப்பத்தைந்து நிறைய இன்னும் எட்டு மாதம்தான். இந்த வரியை ஆஷா நோட்டில் எழுதவில்லை. எழுதாவிட்டால் தெரியாமல் போய்விடுமா என்ன?

அந்தப் பிரிவில் ஒரு பழக்கம் இருந்தது. எட்டுப் படுக்கை, ஷிப்டுக்கு இரண்டு பேர். ஒருத்தி கையுறையோடு நோயாளியிடம் நின்றால் இன்னொருத்தி கேஸ் ஷீட்டில் எழுதுவாள். எழுதியவளே கீழே கையெழுத்தும் பணி எண்ணும் போடுவாள். ஷீட்டில் கையெழுத்துக்கு இருந்ததே ஒரு கட்டம்தான். நாகஜோதிக்குப் பேனா என்றால் பயம். டிப்ளமோ முடித்து, வேலையில் இருந்துகொண்டே பட்டமும் வாங்கியவள்தான். ஆனால் இங்கிலீஷ் எல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பித்தது. ஒருமுறை அவள் எழுதிய குறிப்பை ஒரு டாக்டர் ரவுண்ட்ஸில் சத்தமாகப் படித்துச் சிரித்துவிட்டார். அதிலிருந்து, "எழுதுட்டி, நான் சொல்லுதேன்" என்பாள். ஆஷா எழுதுவாள். உதவி என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். கண்காணிப்பாளர் வள்ளியாத்தாள், அறக்கட்டளைத் தலைவர் பொங்கியண்ணன், மயக்க மருந்து டாக்டர். நோயாளி மோசமாவதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று ஒரு வருடத்துக் கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்திருந்தார்கள். ஆஷாவின் கையெழுத்தில் இருபத்தொன்பது. நாகஜோதியின் கையெழுத்தில் மூன்று.

டாக்டர் அதில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார். நான்காம் படுக்கை, லிங்கசாமி, பனியன் துணியை அழுத்திச் சுருக்கும் காம்பாக்டிங் மெஷினில் வேலை செய்கிறவர், குடல் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, ஆக்ஸிஜன் சரியாக இருக்கிறது, மானிட்டர் ஒரு சத்தமும் போடவில்லை. ஆனாலும் குறிப்பில் 'இரண்டு முழங்காலும் சில்லிட்டு, தோல் திட்டுத் திட்டாக இருக்கிறது, மூச்சு இருபத்தெட்டு, போர்வையைப் பிடித்து இழுக்கிறார்' என்று இருக்கிறது. உடம்பில் நச்சு பரவுவது மானிட்டருக்கு ஒரு மணி நேரம் முன்பே உனக்குத் தெரிந்திருக்கிறது. முழங்காலைத் தொட்டுப் பார்க்க எப்படித் தோன்றியது?

ஆஷாவுக்கு அந்த மதியம் நன்றாக நினைவிருந்தது. போர்வையை விலக்கி முழங்காலில் புறங்கையை வைத்தது நாகஜோதி. மூச்சை எண்ணியதும் நாகஜோதி. இவள் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"அவர் முகம் சரியில்லாம இருந்துச்சு சார். அதான் தொட்டுப் பார்த்தேன்" என்றாள்.

பொங்கியண்ணன், நம்ம கம்பெனி ஆள் ஒருத்தனைக் காப்பாத்தியிருக்கிறீங்க என்று கும்பிட்டார். அவளும் பதிலுக்குக் கும்பிட்டாள்.

தேர்வான அன்று மாலை அப்பா கேக் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிங் டேபிளில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். இவளோ தன் துண்டைத் தட்டோடு ஒதுக்கி வைத்தாள். மறுநாள் ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், ஆவண அறைக் கன்னையனிடம் அந்த இருபத்தொன்பது ஷீட்டுகளையும் கேட்டு வாங்கினாள். ஒவ்வொன்றாக யார் பார்த்தது என்று நினைவுபடுத்தி, நோட்டில் இரண்டு பத்தி போட்டுக் குறித்தாள். அவளே பார்த்தது எட்டு. மிச்சம் இருபத்தொன்று. சந்தேகமான இரண்டைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தாள். அது உறுத்தவே அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். ஆறு.

மிச்சம் இருபத்து மூன்றும் அவள் பார்த்தவை என்று நாகஜோதியிடம் கேன்டீனில் வைத்துச் சொன்னாள். அவள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"அதுக்கென்னட்டி, நான்தான எழுதச் சொன்னேன். நீயா திருடுன?"

"இன்டர்வியூல லிங்கசாமி கேஸைப் பத்திக் கேட்டாங்கக்கா."

ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "என்கிட்ட அதக் கேக்கவே இல்லியே" என்றாள் நாகஜோதி. தன்னிடம் அவர்கள் ஏதோ ஒரு விதிமுறையை இங்கிலீஷில் சொல்லச் சொன்னார்கள், பாதியில் நின்றுவிட்டது என்றாள். பிறகு, "அதக் கேட்டிருந்தா நல்லாச் சொல்லியிருப்பேன்" என்று டம்ளரைப் பார்த்துச் சொன்னாள். "விடு. டீ ஆறுது, குடி."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். ஆஷா அங்கிருந்து நேராக வள்ளியாத்தாள் அறைக்குப் போனாள். நாகஜோதியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வள்ளியாத்தாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"கண்ணு, நீ உன்னப் பத்தி மட்டும் சொல்றதா நெனச்சுட்டு வந்திருக்கற. பாக்காததுக்குக் கையெழுத்துப் போட்டது நீ. பாத்ததுக்குக் கையெழுத்துப் போடாம உட்டது அவ. மெமோன்னா ரெண்டு பேருக்கும்தான். அது தெரியுமா உனக்கு?"

ஆஷாவுக்குத் தெரியவில்லை. நோட்டில் எத்தனையோ கட்டம் போட்டவள் இந்தக் கட்டத்தைப் போடவில்லை.

"நான் இன்னும் எதையும் காதுல வாங்கலைங்கற மாதிரியே இருக்கறேன். எந்திரிச்சுப் போறதுன்னா இப்பப் போயிரு."

நான்கு எட்டு வைத்தால் கதவு. திரும்பிப் போனால் படிப்பு இருக்கும், நாகஜோதிக்கு மெமோ வராது, அப்பா வாங்கிய கேக்குக்கும் அர்த்தம் இருக்கும். நாகஜோதியின் நன்மைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். அது எவ்வளவு வசதியாக இருந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"லிங்கசாமியோட முழங்காலத் தொட்டது நாகஜோதி அக்காங்க மேடம்" என்றாள்.

வள்ளியாத்தாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த ஷீட்டுகளை எடுத்து வரச் சொன்னார். மருத்துவக் குறிப்பில் எதையும் அழிக்கக் கூடாது. பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, சரியானதை எழுதி, இன்றைய தேதியைப் போட வேண்டும். ஆஷா தன் பணி எண்ணின் மேல் கோடு கிழித்தாள். 'பார்த்தவர் நாகஜோதி, எழுதியவர் ஆஷா' என்று பக்கத்தில் எழுதினாள். இருபத்து மூன்று ஷீட்டுகளையும் முடிப்பதற்குள் விரல் வலித்தது.

விளக்கம் கேட்டு மெமோ மறுநாளே வந்தது. நாகஜோதி அதைக் கையில் வைத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்கு வந்தாள்.

"பதினோரு வருசத்துல எனக்கு ஒரு மெமோ கெடையாது. ஒனக்கு நெஞ்சு உறுத்துச்சு, கொண்டுபோய் எறக்கி வச்சுட்ட. யார் தலையில எறக்குனன்னு பாத்தியா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

ஆஷா மன்னிப்புக் கேட்டாள். அதைக் கேட்க நாகஜோதி நிற்கவில்லை. அதன் பிறகு ஒரே ஷிப்டில் இருந்தும் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. தான் பார்த்ததை நாகஜோதி தானே எழுதினாள், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு குறிப்புக்குக் கால் மணி நேரம். ஆஷா பக்கத்துப் படுக்கையில் நின்று அந்தப் பேனா திக்கித் திக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வருடம் தான் செய்தது உதவியா என்று அப்போதுதான் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

பொங்கியண்ணன் கோபத்தில் இந்த வருடம் யாரையும் அனுப்ப வேண்டாம் என்றாராம். மயக்க மருந்து டாக்டர்தான், ஏனுங்க, ஏட்டைப் பார்த்து முடிவு பண்ணியதால் வந்த தப்புங்க இது, படுக்கையில் வைத்துப் பார்ப்போம், எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேரையும் தனித்தனியாக ஒரே நோயாளியிடம் அழைத்துப் போனார்கள். ஆஷா வரிசையாக, ஒன்றும் விடாமல் பரிசோதித்தாள். சுவாசம், நாடி, சிறுநீரின் அளவு, எல்லாம் சரியாகச் சொன்னாள். நாகஜோதி உள்ளே போனவுடன் நோயாளியின் மனைவியிடம், நேற்று இரவு தூங்கினாரா, உங்களை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டாளாம். தெரியவில்லை என்று அந்த அம்மா அழுதிருக்கிறாள். நினைவு தடுமாறுவது நோய் முற்றுவதன் அடையாளம்; அதுவரை யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

தாளை மாற்றி ஒட்டினார்கள். நாகஜோதியின் பெயரைப் பார்த்தபோது ஆஷாவின் மனதில் முதலில் எழுந்தது சந்தோஷம் இல்லை. ஊசி ஏறியதுபோல் ஒரு வலி. அடுத்து, இன்னும் எட்டு மாதம் போயிருந்தால் அவளுக்கு வயது தாண்டியிருக்குமே என்று ஒரு நினைப்பு. அதை நினைத்ததற்காக அவளுக்கே தன் மேல் அருவருப்பு வந்தது. கைகொடுக்கப் போனாள். நாகஜோதி கையை வாங்கிக்கொண்டாள்; சிரிக்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது நாகஜோதியே வந்தாள்.

"ஆறு மணிக்குத்தான ஒன் கிளாசு?"

"ஆமாக்கா."

"அங்க போனா எல்லாம் இங்கிலீஷாம். எழுதிக் குடுக்க நீ வர மாட்ட. நீ எழுதி எழுதியே என் கையக் கட்டிப் போட்டுட்ட, தெரியுமா?" என்றாள். முகத்தில் கோபமும் இருந்தது, கேலியும் இருந்தது. எது எவ்வளவு என்று ஆஷாவால் அளக்க முடியவில்லை.

நல்லூரில் இறங்கி நூல் கடைப் படியேறினார்கள். கீழே கடையை ஒட்டிய தையல் யூனிட்டின் சத்தம் தரையைத் தாண்டிக் காலில் அதிர்ந்தது. பெஞ்சில் நாகஜோதி முழங்கையை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்று வேலையில் நடந்ததைப் பத்து வரி எழுதுங்கள் என்றார் ஆசிரியை. நாகஜோதி பேனாவின் மூடியைத் திறந்தாள், கொஞ்சம் யோசித்தாள், பிறகு பழக்கத்தில் நோட்டையும் பேனாவையும் ஆஷாவின் பக்கம் நகர்த்தினாள்.

ஆஷாவின் கை பாதி தூரம் போய்விட்டது. இழுத்து, இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

நாகஜோதி அவளை முறைத்தாள். நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மணி ஏழாகும்போது நான்கு வரி இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டு, கேட்காமலேயே பணி எண்ணையும் எழுதினாள்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று நாகஜோதி கேட்டாள். ஆஷா இல்லை என்று தலையாட்டினாள்.

"நான் வேணா வந்து சொல்லட்டா?"

அப்பா இன்னும் கட்டிங் டேபிளில் எல்லோரிடமும் மகள் தேர்வானதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்க்கா. இத நானே சொல்றேன்" என்றாள் ஆஷா. பேருந்து வந்தது. வீட்டுக்கு மூன்று நிறுத்தம்தான்.