ரொஷேலின் உயிர்ப்புள்ளிகள்

கொட்டாஞ்சேனையில் மனைவி ரொஷேலின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்ததும் ஜொனாதன் நேரே வெள்ளவத்தை அலுவலகத்துக்கு வந்துவிட்டான். அவனும் ஜவாத்தும் உருவாக்கும் கணினிப் போர் விளையாட்டில் படைக்கு வைத்தியம் பார்ப்பவளுக்கு, முன்பே மனைவியின் முகத்தை வரைந்திருந்தான்.

"மச்சான், விளையாடிப் பார்த்த எல்லாரும் அவவத்தான் முன்னுக்கு விடுறாங்க," என்றான் ஜவாத். "எத்தன அம்பு பட்டாலும் சாகிறா இல்ல. பிறகு பிளான் போட என்ன இருக்கு?"

"நான்தான் போன மாசம் உயிர்ப்புள்ளியக் கூட்டினனான்."

"தெரியும். நீயே குறைச்சிரு. எனக்குக் கை வருதில்ல."

ஜொனாதன் ஒன்பதாயிரத்தை அழித்துப் பழைய தொண்ணூறை அடித்தான். மனதில் ஒன்றும் அசையவில்லை. ஓட்டிப் பார்த்தபோது மூன்றாவது அம்பில் அவள் விழுந்தாள்.

"சரியா?"

"ஓம், சரி."

ஆட்டத்தை மீண்டும் தொடங்கி, அவளை எல்லோருக்கும் பின்னால் சுவரோரமாக நிறுத்தினான்.