தங்கையாவின் சௌசௌப் பந்தல்

தங்கையா போட்ட முதல் பந்தல் ஒரு வாரம் நின்றது. பிறகு காற்று அதைக் கொடியோடு தூக்கிப் போய், பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒரு முட்டைக்கோஸ் பாத்தியில் நோகாமல் இறக்கியது. கேட்கப் போனபோது அங்கிருந்த முதலாளி அதில் பட்டாணி ஏற்றியிருந்தார். பாவம் பார்த்து ஒரு முட்டைக்கோஸ் கொடுத்து அனுப்பினார்.

இரண்டாவது பந்தலுக்குக் கால்களை இடுப்பளவு ஆழத்தில் நட்டான். மழையில் மலைமண் களியாய்க் குழைந்தது. கல் போட்டு இடித்தால் கல்லும் சேர்ந்து ஆடியது.

"அசையாத எதுலயாவது இழுத்துக் கட்டேன்யா," என்றாள் அவன் மனைவி வேலாயி.

சுற்றிலும் பார்த்தான். அசையாதது என்று கண்ணில் பட்டது தோட்டத் தொழிலாளர் லயத்தின் கோடியில் இருந்த அவர்கள் பலகை வீடு ஒன்றுதான். அதன் உத்திரத்தில் கம்பியைச் சுற்றி, கட்டை கொடுத்து முறுக்கி, சரிவில் நின்ற பந்தலோடு பிணைத்தான். பந்தல் அதன்பின் அசையவில்லை.

வீடு அசைந்தது. சௌசௌ காய்த்துப் பாரம் ஏற ஏற, பந்தல் வீட்டைச் சரிவுப் பக்கம் இழுத்தது. உலை வைத்தால் பானையில் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் அரிசி. எங்கே படுத்தாலும் விடியும்போது குடும்பமே ஒரு மூலையில் கிடந்தது. வீடோ தோட்டத்துச் சொத்து. கெடுத்தவனுக்கு லயத்தில் இடமில்லை; இந்த மலையில் அவர்களுக்கு வேறு கூரையும் இல்லை. வெள்ளிக்கிழமை தோட்டத் துரை லயம் பார்க்க வருவதாகப் பேச்சு.

தங்கையா கம்பியை அறுக்கக் குறடோடு ஏறினான்.

"அண்ணே, நிறுத்துங்கலா!" பக்கத்து வீட்டுக் கந்தசாமி அலறினான். "பின்னால பாருங்க!"

கொடி கூரையைத் தாண்டிப் போய், மேட்டில் நின்ற மரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. வீட்டைக் கீழே இழுப்பது பந்தல். விழாமல் பிடித்திருப்பது கொடி. கம்பியை அறுத்தால் பந்தல் உருளும், கொடி அறும், பின்னாலேயே வீடும் போகும்.

"அப்ப என்னாதான்டா செய்யறது?"

"மூச்சு விடாம இறங்குங்க. அதத்தான் செய்யலாம்."

வெள்ளிக்கிழமை துரை வந்தார். தலையைச் சாய்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். அப்படிப் பார்த்தால்தான் அது நேராகத் தெரிந்தது. கணக்கெழுதும் கிராணி சிவசாமியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"என்னாங்கய்யா சொல்றாரு?" தங்கையா கிராணியை ஒட்டி நின்று கேட்டான்.

"யாரும் எதையும் தொடக்கூடாதாம். செடி இருக்கற வரைக்கும் நீங்களும் இருக்கலாமாம். செடி பட்டுப்போனா மூட்டையக் கட்டிக்கணுமாம்."

"சௌசௌவுக்கு எவ்வளவு ஆயுசுங்கய்யா?"

"அத நீ செடியத்தான்யா கேக்கணும்!"

அன்றோடு தங்கையா கம்போங் ராஜா டவுனுக்குப் படம் பார்க்கப் போவதை விட்டான். வேருக்குச் சாக்குப் போர்த்தினான். பாரம் மாறிவிடுமோ என்று வேலாயி காய் பறிப்பதில்லை. சௌசௌவைக் கடையில் வாங்கினாள். யாராவது தும்மினால் இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

மழை விட்ட ஒரு காலையில், வேருக்குப் பக்கத்தில் ஓர் இலை மஞ்சளாகிக் கிடந்தது.

"பழுத்த இலதானய்யா?" என்றாள் வேலாயி. "பழுத்தா விழத்தானே செய்யும்?"

தங்கையா குனிந்து பார்த்தான். அதற்கு மேலே கொடியில் இருந்த இலையும் ஓரத்தில் லேசாக வெளுத்திருந்தது. அவன் அதை வேலாயிக்குத் தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு, "ஆமா, பழுத்த இலதான்," என்றான்.