நாற்பத்தொன்றாம் எண் குழாய்

மாமாவுக்கு மூளையில் ஏதாவது கிருமி இருக்க வேண்டும் என்று இரண்டு வாரமாக வேண்டிக்கொண்டிருந்தேன். வெளியே சொன்னால் செருப்பால் அடிப்பார்கள். ஆனால் நரம்பு டாக்டரான எனக்குப் பிழைப்பே அதைத் தேடுவதுதான். மறதி நோய் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது நரம்பு மண்டலத்தில் பதுங்கிய தொற்று. தொற்று என்றால் மருந்து உண்டு, ஆள் தேறி வரலாம். மறதி நோய் என்றால் கூட இருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காதான் அவரை என் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அடுப்பை அணைக்கவே மாட்டேங்கறார்டா. சாவியைத் தொலைச்சுட்டு என்னைக் கேக்கறார். ஒண்ணையே நாலு தடவ சொல்ல வேண்டியிருக்கு."

நான் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாள். அவர் தன் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னதை அப்படியே படிவத்தில் எழுதினேன். சின்ன வயதிலிருந்தே அவள் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது.

எங்கள் ஆய்வில் நோயாளியின் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்போம். ஒப்பிட்டுப் பார்க்க, கூட வந்த துணைக்கும் எடுப்போம். குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எது யாருடையது என்ற பட்டியல் புள்ளிவிவரக்காரரின் அலமாரியில் பூட்டியிருக்கும். தொற்று தெரிந்தால் மட்டும் உடனே திறப்பார். மற்றபடி ஆய்வு முடியும்வரை யாரும் கேட்கக்கூடாது. இந்த விதியை எழுதிய மகானுபாவன் நான்தான். எழுதும்போது எனக்கு ஓர் அக்கா இருப்பது ஞாபகமில்லை போலிருக்கிறது.

அந்த வியாழக்கிழமை வந்தது இவர்கள் இருவர் மட்டும். எண்கள் 41, 42. நோயாளிக்குத்தான் முதலில் ஊசி, அதனால் 41 மாமா என்று கணக்குப் போட்டேன். கண்ணைக் கட்டிக்கொண்டா வேலை பார்க்க முடியும்?

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை தொற்று முடிவுகள் வந்தன. இரண்டிலும் எதுவும் இல்லை. புதன்கிழமை புரத அளவுகள் வந்தன. 42 சுத்தம். 41 தாறுமாறு, மறதி நோய்க்கே உரிய தாறுமாறு. அவ்வளவுதான், மாமாவின் கதை முடிந்தது என்று நினைத்தேன். கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெளியே வந்தபோது நர்ஸ் எதிரே வந்தார். அன்றைக்கு ஊசி போடும்போது நான் அறைக்குள் இருக்கவில்லை. அடுத்தவர் முதுகு என்றால் பார்ப்பேன், சொந்தக்காரர் முதுகு என்றால் தைரியம் போய்விடுகிறது.

"அன்னைக்கு எங்க மாமா ரொம்ப பயந்தாரா?" என்று சும்மா கேட்டேன்.

"வேர்த்துக் கொட்டிடுச்சு சார். உங்க அக்காதான், 'மொதல்ல நான் போட்டுக்கறேன், பாருங்க, ஒண்ணும் ஆகாது'ன்னு போய்ப் படுத்துக்கிட்டாங்க."

"மொதல்லன்னா... நாப்பத்தொண்ணா?"

"வரிசையாத்தானே சார் ஒட்டுவோம்?"

அவர் மேல் எரிந்து விழுந்தேன். லேபிளை மாற்றி ஒட்டியிருப்பீர்கள், புத்தி எங்கேயோ மேய்ந்திருக்கும் என்று கத்தினேன். அவர் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார். நேரம், எண், கையெழுத்து எல்லாம் கச்சிதமாக இருந்தன. மன்னிப்புக்கூடக் கேட்காமல் பதிவேட்டை அவரிடமே தள்ளினேன்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மாமாதான் கதவைத் திறந்தார். அக்கா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் சுண்டிப்போன பாத்திரம் தீய்ந்துகொண்டிருந்தது. மாமா ஓடிப்போய் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் குழாயடியில் போட்டு, ஜன்னலைத் திறந்தார். எல்லாம் நொடியில் முடிந்தது.

"யார் வச்சது மாமா?"

அவர் பாத்திரத்தைத் தேய்த்தார்.

"மாமா, உங்களைத்தான்."

"நான்தான்னு அவ சொல்லுவா. ஆமான்னுடுவேன்." குரலைத் தாழ்த்தினார். "மொதல் தடவ, நான் இல்லன்னு சொன்னேன் மாப்ளே. 'அப்ப எனக்கு என்ன ஆகுது'ன்னு கேட்டு நடுங்கிப்போயிட்டா. அதுலேருந்து எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. அவளும் நம்பிட்டா. நிம்மதியா இருக்கா."

"அதுக்காக ஊசி வரைக்குமா வருவீங்க?"

"துணைக்கும் ஊசி உண்டுன்னு நீ சொன்னியே. அதுக்குத்தான் வந்தேன். வேற எப்படி அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டு வர்றது?"

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலக் கோபம் வந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

அக்கா உள்ளே வந்து மூக்கைச் சுளித்தாள். "இன்னைக்குமா? பாத்தியாடா, இவரை வச்சுக்கிட்டு நான் படற பாட்டை?"

மாமா தலையை ஆட்டினார். நான் பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து தாளைத் தொடையில் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, கொஞ்சம் கேள்வி கேக்கணும்."

"கேளு. இவரைப் பத்தி நான்தானே சொல்லியாகணும்."

"இவரைப் பத்தி இல்லக்கா. உன்னைப் பத்தி. நேத்து சாயங்காலம் எங்க போயிருந்தே?"

அக்கா சிரித்தாள். "போடா, பெரிய போலீஸ்காரன்" என்றாள். சிரிப்பு மெல்ல நின்றது. பதிலுக்காக மாமாவின் முகத்தைப் பார்த்தாள்.