கறுப்பே இருக்கட்டும்

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு.

"இது எட்டரைங்குது," என்றான் தம்பி, கணினித் திரையின் மூலையைப் பார்த்து.

"நேரத்தையே தப்பாச் சொல்றதை நம்பி நான் எப்படிடா வேலை பாக்கறது?" என்றாள் அக்கா.

"இப்பதானே பொறந்திருக்கு. எந்த ஊர்ல இருக்கோம்னு அதுக்கு யாராவது சொல்லணும்ல."

அமைப்புகளைத் திறந்து சொன்னான். கணினியும் இரண்டுக்கு வந்தது.

அக்கா மருத்துவமனைக்குத் தட்டச்சு செய்பவள். மருத்துவர்கள் பேசிப் பதிவுசெய்ததைக் கேட்டு, வீட்டிலிருந்தே அடித்து அனுப்புவாள். பழைய மென்பொருளோடு இனி எங்கள் பக்கம் வராதீர்கள் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. புதுக் கணினி வாங்க மனமில்லை. தம்பி காலையில் அவள் கோப்புகளைத் தனியே எடுத்துவைத்து, மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு, லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டான்.

நாளை மதியம் அவன் கப்பலேற வேண்டும். எலக்ட்ரீஷியன் வேலை. இதற்குமுன் ஒருமுறை அழைப்பு வந்தது. அந்த வாரம் அக்காவுக்குக் கண்ணில் அறுவை. அவன் போகவில்லை. இன்னொரு தடவை மாட்டேன் என்றால் மூன்றாவது அழைப்பு வராது என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். கூடத்தில் பெட்டி வாயைத் திறந்தபடி கிடந்தது. சட்டைகள் நாற்காலியின் மேல்.

அறுவைக்குப் பிறகு அக்கா சொன்னது ஒன்றுதான். "கொஞ்சம் மங்கல். எழுத்து பெருசா இருந்தா சமாளிச்சுக்குவேன்."

அதற்குத்தான் இந்த வேலை.

காலையில் முதலில் ஒன்றுமே வரவில்லை. கடவுச்சொல்லைக் கொடுத்ததும் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண்சிமிட்டியது.

"என்னடா, சத்தத்தையே காணோம்?"

"டிஸ்ப்ளே டிரைவர் தகராறு. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்குக்கா."

"கட்டியிருந்தா என்ன? வாய் இருக்குல்ல. கேட்டுக் கேட்டுப் போ."

கட்டளைகளை அடித்துக் கேட்டுக் கேட்டுத்தான் போனான். பத்து மணிக்கு முகப்பு வந்தது.

கீழே இருந்த பட்டையை மேலே கொண்டுபோனான். அதன் தடிமனை இரட்டிப்பாக்கினான். தேவையில்லாத சின்னங்களை எடுத்துவிட்டு நான்கை மட்டும் வைத்தான். அம்புக்குறியைக் கட்டைவிரல் அளவுக்கு வளர்த்தான்.

"பின்னணிக்கு என்ன வேணும்? மலை இருக்கு, கடல் இருக்கு, வெறும் நீலம், வெறும் கறுப்பு."

"கறுப்பே இருக்கட்டும். கண்ணு கூசாது."

"எழுத்து போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

கூட்டினான்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் வைடா."

"இதுக்கு மேல போனா எதிர்வீட்டுக்காரர் ஓசியில படிச்சிருவாரு."

"படிக்கட்டும். டாக்டருங்க சொல்றது அவருக்கு மட்டும் புரியவா போகுது?"

அவன் சிரித்தான். பிறகு, "திரையில இருக்கறதை வாசிச்சுச் சொல்ற வசதி ஒன்னு இருக்குக்கா. போட்டு வைக்கட்டா?" என்றான்.

"அது கண்ணு தெரியாதவங்களுக்கு," என்றாள். உடனே சொன்னாள்.

விட்டுவிட்டான்.

அதன்பின் திரை தானாக அணைய ஆரம்பித்தது. சில நிமிடம் தொடாமல் இருந்தால் இருண்டுவிடும். திரைக்காப்பை நிறுத்தினான். மறுபடி அணைந்தது. மின்சார அமைப்பில் தனியாக ஒரு நேரக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தினான். தீர்ந்தது என்று நினைத்தான்.

இப்போது மிச்சம் ஒலி. ஸ்பீக்கர் பேசவில்லை.

"நேத்து நீ அடிச்ச ஃபைல் ஒன்னைத் திறந்து வச்சிருக்கேன். மவுசைத் தொடாம படிச்சுப் பாரு. நான் கீழ ஒயரைப் பாக்கறேன்."

மேசைக்கு அடியில் நுழைந்தான். ஒயர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. தூசி மூக்கில் ஏறியது. ஸ்பீக்கர் ஒயரைக் கண்டுபிடித்து, பிடுங்கி, துடைத்து, மறுபடி செருகினான்.

"எழுத்து எப்படிக்கா இருக்கு?" என்றான் அங்கிருந்தே.

"முத்து முத்தா இருக்குடா. இப்பதான் கண்ணுக்கு இதமா இருக்கு."

வெளியே வந்து எழுந்தான்.

திரை அணைந்திருந்தது.

அதன் கண்ணாடியில் ஜன்னலும் அக்காவின் முகமும் தெரிந்தன. அவள் கைகள் மடியில் இருந்தன. பார்வை திரைக்குச் சற்று மேலே, சுவரில் இருந்தது. படித்துக்கொண்டிருப்பவளைப் போலத் தலையை மெல்ல இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அவள் முகத்துக்கு முன் கையை நீட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. நீட்டவில்லை.

காலையில் அவள் தேநீர் ஊற்றியபோது ஒரு விரல் குவளையின் விளிம்புக்குள் இருந்தது. அதைப் பார்த்தான். சூடு படுமே என்றுதான் நினைத்தான்.

உட்கார்ந்தான். ஒரு விசையைத் தட்டினான். திரை எரிந்தது. அணைக்கும் கணக்கு மூன்றாவதாக ஓர் இடத்திலும் இருந்தது. ஒரு வரிக் கட்டளையில் நின்றது. ஒலியின் கோளாறு ஒயரில் இல்லை. ஒலி மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. மானிட்டருக்கு வாய் கிடையாது. ஸ்பீக்கருக்கு மாற்றினான்.

பிறகு, கேட்காமலேயே, வாசித்துச் சொல்லும் அந்த வசதியைப் போட்டான்.

"முகப்பு. நான்கு பொருட்கள்," என்றது ஸ்பீக்கர்.

அக்கா நிமிர்ந்தாள். மடியில் விரல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன.

"வேணாம்னேனே."

"இருக்கட்டும்க்கா."

"தகரத்துல ஆணி இழுக்கற மாதிரி இருக்குடா குரல்."

"உன் பாட்டை விடத் தேவலாம்."

அவள் சிரிக்கவில்லை. அவன் அவள் விரலை எடுத்துக் கீழம்பு விசையின் மேல் வைத்தான். அழுத்தினாள். "ஒலிப்பதிவுகள்." அழுத்தினாள். "கோப்புகள்." மற்ற விசைகளை அவள் விரல்களுக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. நேற்றைய கோப்பைத் திறந்தாள். குரல் வாசித்தது. நோயாளிக்கு வலது முழங்காலில் வீக்கம். நோயாளிக்கு வலது முழங்காலில் வீக்கம்.

நிறுத்தினாள்.

"அது ஒழுங்காத்தான் வாசிக்குதா?"

"ஆமாக்கா. வரி ரெண்டு தடவை இருக்கு."

அவள் ஒரு வரியை அழித்தாள். மறுபடி வாசிக்கவைத்துக் கேட்டாள். பிறகு, "வேகத்தைக் கூட்டு," என்றாள்.

கூட்டினான்.

"இன்னும்."

கூட்டினான். அவனுக்கு அது பேச்சாகவே கேட்கவில்லை. தட்டில் கொட்டிய மணிகளைப் போல இருந்தது. அவளோ நடுவில் நிறுத்தினாள், திருத்தினாள், மேலே போனாள். உடம்பு திரைப் பக்கம் சாயவில்லை. ஸ்பீக்கர் இருந்த பக்கம் சாய்ந்தது.

பக்கம் முடிந்ததும் கையை எடுத்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"இப்பதான். நான் கீழ இருந்தப்ப திரை அணைஞ்சிருச்சு."

"நான் முத்து முத்தா இருக்குன்னேனே, அப்பவா?"

"ம்."

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை அக்கா காத்திருந்தாள்.

"காலையிலேர்ந்து ஜிப் சத்தம் கேக்கவே இல்லியே," என்றாள். "பெட்டியை எப்பதான்டா மூடப்போற?"