ஐம்பத்திரண்டு விநாடி லீவு

சுதந்திர தினத்துக்கு லீவு விடாவிட்டால் அபராதம். அதனால் முதலாளி உள்ளூர்க்காரர்களுக்கு லீவு விட்டார். ஒடிசாக்காரர்கள் ஒன்பது பேரையும் தறி செட்டுக்குள் அனுப்பி, ஷட்டரை இறக்கி வெளியே பூட்டினார். தறிச் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று வாசலில் ஸ்பீக்கர் கட்டி தேசபக்திப் பாட்டை அலறவிட்டார்.

மைமூனம்மாள் அந்த செட்டில் பதினாறு வருஷமாகத் தறிக்கு நூல் சுற்றுகிறவள். கொடியேற்றத்துக்கு வரச்சொல்லிவிட்டு, மேனேஜர் பெத்துராஜ் அவளை மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

“தேசிய கீதத்துக்குப் பாட்டை நிறுத்தணும்லா? அப்ப தறி கேக்கும். நீ மெயினை ஆஃப் பண்ணிரு. ஐம்பத்திரண்டு விநாடிதான். முடிஞ்சதும் போட்டுரு.”

“உள்ள திபாகர் கெடக்கானே அண்ணாச்சி. கொடிக்குக் கீழ நின்னு மகளுக்கு வீடியோல காட்டணும்னு புதுச் சட்டைல்லா எடுத்திருக்கான்.”

“கொடியை அவன் ஊர்ல போய்ப் பாக்கட்டும்.”

“அங்க வேற கொடியா பறக்கு?”

பெத்துராஜ் இளித்தான். “உங்க ஆளுவளை இங்கன நிக்க விடுததே பெருசு. இதுல இந்திக்காரனுக்கு வக்காலத்தா?”

திபாகர் பேசுவது ஒடியா. அது பெத்துராஜுக்குத் தேவையில்லை. மைமூனம்மாளுக்கு உச்சந்தலை வரை சுட்டது.

“நான் நிக்கதுக்கு உம்மகிட்ட சீட்டு வாங்கணுமாக்கும்?”

கொடி ஏறியது. பாட்டு நின்றது. அவள் மெயினை இறக்கினாள். தறிகள் அடங்கின.

தேசிய கீதத்தில் முதலாளிக்கும் கொடியேற்ற வந்திருந்த பிரமுகருக்கும் இரண்டு வரிக்கு மேல் வெறும் வாயசைப்புதான். ஷட்டருக்கு அந்தப் பக்கமிருந்து கீதம் முழுசாக வந்தது. ஒன்பது தொண்டை. இருட்டில், ஃபேன் நின்ற புழுக்கத்தில், ஒரு வரி விடாமல். பிரமுகர் ஷட்டரைப் பார்த்தார். பிறகு லட்டுத் தட்டைப் பார்த்தார்.

“போடு, போடு” என்று பெத்துராஜ் கை காட்டினான்.

மைமூனம்மாள் மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு?”

“சாவிய எடும்வே. கதவு திறந்தாத்தான் கட்டை வரும்.”

“நாளைக்கு வேலைக்கு வந்துருவியா நீ?”

“நாளைக்குள்ளதை நாளைக்குப் பேசும். இன்னைக்குப் பதினஞ்சாந்தேதி. திறயும்!”

உள்ளேயிருந்து ஷட்டரைத் தட்டினார்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பிரமுகர் செருப்பைத் தேடினார். முதலாளியே வந்து பூட்டைத் திறந்தார்.

திபாகர் முதலில் வந்தான். புதுச் சட்டை, தோளெல்லாம் பஞ்சு. அவன் போனைத் தூக்கிப் பிடிக்கையில் பெத்துராஜ் கம்பத்துக்கு முன்னால் போய் விறைத்து நின்றான்.

மைமூனம்மாள் அவனைப் புறங்கையால் ஒதுக்கினாள்.

“தள்ளி நில்லும்வே. அங்க புள்ளைக்கு மறைக்கு.”