புழுங்கலரிசிப் பால்

ரயில்வே ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம் கிடைத்ததும் சபாபதி செய்த முதல் காரியம் வீட்டில் புழுங்கலரிசியை நிறுத்தியதுதான். மீசையை முறுக்கிக்கொண்டதுகூட அதற்கு அப்புறம்தான்.

அதுவரைக்கும் அவன் தண்டவாளக் கூலிகளில் ஒரு கூலி. பிரிக்பீல்ட்ஸ் கூலி லயத்தில் ஒரே அறையில் அவனும் பவுனம்மாளும் குடித்தனம் நடத்தினார்கள். கப்பலேறுவதற்கு முன் ஊரில் நாலு எழுத்து படித்தவன், கணக்கு தெரிந்தவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அது ஒரு துரையின் கண்ணில் பட்டுவிட்டது. மறு மாதமே செங்கல் குவார்ட்டர்ஸில் இரண்டு அறையும் தனிச் சமையல்கட்டும் உள்ள வீடு கிடைத்தது.

"இனிமே இந்த வீட்டுல புழுங்கலரிசி நாத்தம் அடிக்கக் கூடாது, பவுனு. தெருவுல போறவன் மோந்து பாத்தே இது கூலிக்காரன் வீடுன்னு சொல்லிடுவான்" என்றான்.

சீன முதலாளி தவுக்கேயின் கடையிலிருந்து சயாம் அரிசி மூட்டையாக வந்து இறங்கியது. மில்லில் தீட்டித் தீட்டி மல்லிகை மொட்டு மாதிரி வெளுத்த அரிசி. பழியை எல்லாம் சபாபதி தலையிலேயே போட்டுவிட முடியாது. பவுனம்மாளுக்கும் அந்த வெள்ளை பிடித்துத்தான் இருந்தது. தண்ணீர் பளிங்காகத் தெளியும்வரை நாலு தரம் களைவாள். களைந்த தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, பூப்போல உதிரும் சோற்றைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவாள்.

பெரிய மனிதர்கள் எல்லாம் வெள்ளைச் சோறுதான் சாப்பிடுவார்கள் என்பது சபாபதியின் திடமான நம்பிக்கை. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துத் தலைமைக் கிராணி வீட்டில் மூன்று வேளையும் புழுங்கல்தான் வெந்தது. ஆனால் அவர்கள் இவனை ஒரு நாளும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை, அதனால் இவனுக்கு அது தெரிய நியாயமில்லை.

அந்த வீட்டில்தான் முதல் பிள்ளை பிறந்தான். முத்தையன் என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் மாதம் ஒரு நாள் அவன் அழுதான், சத்தம் வரவில்லை. வாய் திறந்திருந்தது, முகம் சிவந்திருந்தது, தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. மாந்தம் என்றார்கள். வசம்பு சுட்டு உரைத்து ஊற்றினார்கள், மாரியம்மன் கோயில் திருநீறு பூசினார்கள். நாலாம் நாள் பிள்ளை போய்விட்டான்.

மறு வருஷம், அதாவது லண்டனில் புது ராஜாவுக்கு முடிசூட்டி ஊரெல்லாம் கொடி கட்டியதற்கு அடுத்த வருஷம், பெண் பிறந்தது. இந்தத் தடவை பவுனம்மாள் பத்தியத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. பயம் அப்படி. வெள்ளைச் சோறு, மிளகு ரசம், சுட்ட பூண்டு, எப்போதாவது ஒரு துண்டு கருவாடு. பருப்பு வாயு, கீரை மந்தம், நீராகாரம் சளி என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். லயத்துப் பெண்களுக்கு இந்தச் சொகுசு ஏது? அவர்கள் முப்பதாம் நாளே புல் வெட்டப் போய்விடுவார்கள், கிடைத்ததைத் தின்பார்கள். கிராணி பெண்டாட்டி மூன்று மாதமும் பத்தியம் காக்கலாம். "எங்க வீட்டுல மூணு மாசம்" என்று சபாபதி ஆபீசில் பெருமையாகவே சொல்லிக்கொண்டான்.

குழந்தைக்கு இரண்டு மாதம் முடிந்த செவ்வாய்க்கிழமை காலையில், தொட்டிலில் துணி அசைவதைக் கண்டு பவுனம்மாள் எட்டிப் பார்த்தாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது. சத்தம் இல்லை.

பவுனம்மாள் குழந்தையை வாரி எடுத்தாள். அடுத்து என்ன, அதற்கு அடுத்து என்ன என்று அவளுக்கு எல்லாம் தெரியும். சபாபதியோ கிள்ளானுக்கு அப்பால் துறைமுக ஸ்டோரில் சரக்கு சரிபார்க்கப் போயிருந்தான். திரும்ப நாலு நாள் ஆகும். நாலு நாள் என்பது அவளுக்குத் தெரிந்த கணக்குத்தான்.

இரண்டு வரிசை தள்ளி, ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாளராக இருந்த டிரஸ்ஸர் பக்கிரிசாமியின் வீடு. அவள் குழந்தையோடு போய் நின்றபோது அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குழந்தையை வாங்கி மார்பில் காதை வைத்துக் கேட்டார். பிறகு குழந்தையை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு காலுல செருப்பக் காணோமே?"

பவுனம்மாள் குனிந்து பார்த்தாள். எங்கே கழன்றதோ, கழன்றதுகூடத் தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே கால் மரத்துத்தான் கிடந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தாள்.

பக்கிரிசாமி அவளை உட்காரவைத்து முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"இது ஈயம் தோண்டற லம்பத்துல வேல செய்யற சீனங்களுக்கு வர்ற வியாதிம்மா, பெரிபெரி. வார்டு வார்டா பாத்திருக்கேன். தமிழாளுக்கு வந்து இன்னிக்குத்தான் பாக்கறேன். வீட்டுல என்ன அரிசி பொங்கறீங்க?"

"சயாம் அரிசிங்க, முதல் ரகம்" என்றாள் பவுனம்மாள். அந்த நேரத்திலும் குரலில் ஒரு துளி பெருமை எட்டிப் பார்த்தது.

பக்கிரிசாமி சிரிக்கவில்லை. "அதாம்மா. மில்லுல தீட்டறப்பவே சத்தெல்லாம் தவிட்டோட போயிடுதுன்னு பெரிய டாக்டருங்க பேசிக்கறாங்க. புழுங்கல்ல அது உள்ளயே எறங்கி நின்னுடுதாம். அதான் நம்ம கூலியாளுங்களுக்கு இது வர்றதில்ல. உன் ஒடம்புலயே இல்லாதது பாலுல எப்பிடி வரும்?"

"மருந்து குடுங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பால்தாம்மா மருந்து. ஆனா உன் பாலு ஆகாது. புழுங்கலரிசி திங்கற பிள்ளைக்காரி யாராச்சும் குடுக்கணும். இன்னிக்கே குடுக்கணும்லா, நாளைக்குன்னு தள்ளாத."

தெருவில் நின்று பவுனம்மாள் யோசித்தாள். லயத்தில் பழைய சிநேகிதிகள் இருந்தார்கள், ஆனால் கைக்குழந்தைக்காரி யாரும் இப்போது இல்லை. பிறகு மனதில் வந்தவள் ஒருத்திதான். தெருமுனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஜெய்னுதீன் ராவுத்தரின் மனைவி காத்தூன் பீவி. நாகப்பட்டினத்துக்காரர்கள். கப்பலில் வரும் புழுங்கலரிசிதான் அவர்கள் அடுப்பில் தினமும் வேகும். அவளுக்கு எட்டு மாதத்தில் அகமது என்று ஒரு மகன், கொழுகொழுவென்று இருப்பான்.

ஆனால் எந்த முகத்தோடு போவது? அடுப்பு வாசனை குவார்ட்டர்ஸ் வரைக்கும் வருகிறது என்று சபாபதி ராவுத்தரிடம் போய்ச் சண்டை பிடித்தவன். அன்று காத்தூன் பீவி சமாதானமாக ஏதோ சொல்ல வந்தபோது, அவள் முகத்துக்கு நேரே ஜன்னலைச் சாத்தியவள் இதே பவுனம்மாள்தான். அவளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தாலும் நடந்தாள். தூரம் என்னவோ ஐம்பது அடிதான், இரண்டு தரம் கால் மடங்கி உட்கார்ந்து எழுந்தாள்.

கடையின் பின்கட்டில் காத்தூன் பீவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பவுனம்மாள் அவள் எதிரே உட்கார்ந்தாள். துணியை விலக்கிக் குழந்தையின் திறந்த வாயைக் காட்டினாள்.

"யா அல்லா! சத்தமே வரலியே!"

"எம் பாலு ஆகாதாம், அக்கா. புழுங்கலரிசிப் பாலு வேணுமாம்."

காத்தூன் பீவி ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கையைக் கழுவினாள், முக்காட்டை இழுத்துவிட்டாள், குழந்தையை மடியில் வாங்கினாள். குழந்தைக்கு உறிஞ்சவும் தெம்பில்லை. சொட்டுச் சொட்டாகப் பீய்ச்சி உதட்டில் விட்டாள். பத்தாவது சொட்டிலோ பதினைந்தாவது சொட்டிலோ தொண்டை அசைந்தது. பவுனம்மாள் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் பொறுத்துக் காத்தூன் பீவி சொன்னாள்: "தங்கச்சி, ஒண்ணு இப்பவே சொல்லிடறேன். பின்னால சொன்னா மோசம் பண்ணின மாதிரி ஆயிடும். எங்க மார்க்கத்துல, அஞ்சு தடவ வயிறு நெறையக் குடிச்சிட்டா இது எம் மவ. எம் மவன் இதுக்கு அண்ணன். வெறும் பேச்சுக்கு இல்ல, ஆயுசுக்கும் அந்த மொறைதான். உன் வீட்டுக்காரரு ஒத்துக்குவாரா?"

"அவரு ஊருல இல்லக்கா. நான் ஒத்துக்கறேன்" என்றாள் பவுனம்மாள். "அஞ்சு என்ன, அம்பது தடவ குடுங்க."

தாயையும் பிள்ளையையும் காத்தூன் பீவி வீட்டுக்கு அனுப்பவில்லை. ராவுத்தர் பாயைச் சுருட்டிக்கொண்டு கடை பெஞ்சுக்குக் குடிபெயர்ந்தார். பவுனம்மாளின் தட்டில் புழுங்கல் சோறு விழுந்தது, மேலே பருப்பும் முருங்கைக்கீரையும் விழுந்தன. "பத்தியம்..." என்று ஆரம்பித்தாள். "பத்தியமா? அத தூக்கிக் குப்பையில போடு" என்று அதட்டல் வந்தது. அழுதுகொண்டே தின்றாள். இரண்டு வருஷத்தில் சோறு இத்தனை ருசியாக இருந்ததில்லை.

புதன்கிழமை குழந்தை தானாக உறிஞ்சியது. வியாழக்கிழமை காலையில் கடையில் ஆள் நிறைந்திருந்த நேரம், பின்கட்டிலிருந்து ஒரு கத்தல் கேட்டது. மழைக்காலத் தவளை மாதிரி கரகரத்த கத்தல். ராவுத்தர் தோசைக் கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். "எவ்வளவு பசி பாரு கழுதைக்கு!" என்று காத்தூன் பீவி சிரித்தாள். பவுனம்மாள் சட்டென்று அவள் காலில் விழுந்துவிட்டாள். "ச்சீ, எழுந்திரு. அவனுக்கு மட்டும்தான் கும்பிடணும்" என்று அவள் விரலை மேலே காட்டினாள். பவுனம்மாள் மேலேயும் கும்பிட்டாள். எந்தச் சாமியானால் என்ன, அன்றைக்கு எல்லாச் சாமிக்கும் அவள் கடன்பட்டவள்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சபாபதி வந்தான். வீடு பூட்டிக் கிடந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டு, குடையும் கடுகடுத்த முகமுமாகக் கடைப் பின்கட்டு வாசலில் வந்து நின்றான்.

பவுனம்மாள் அவனைப் பேசவிடவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், டிரஸ்ஸர் அரிசியைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துத்தான். குழந்தை அவள் தோளில் கிடந்து சிணுங்கியது. அந்தச் சிணுங்கலைக் கேட்டதும் அவன் முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது. பிறகு வேறொன்று வந்தது.

"அப்ப... மூத்தவன்?" என்றான்.

மூன்று நாளாக அவளும் அதையே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானுந்தானே களைஞ்சு களைஞ்சு கொட்டினேன்" என்றாள் மெதுவாக.

சபாபதி அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதான். ராவுத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "யாருக்குத் தெரியும் கிராணியாரே? தெரிஞ்சா யாராச்சும் செய்வாங்களா?" என்றார். பழைய சண்டையை அவரும் எடுக்கவில்லை.

உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து காத்தூன் பீவியின் குரல் வந்தது. "தங்கச்சி, அந்த மொறையச் சொன்னியா? தகப்பன் காதுல விழணும்."

பவுனம்மாள் சொன்னாள். ஐந்து தடவை என்பது எப்போதோ தாண்டிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றும் சொன்னாள். தூக்கிக் கொடுத்துவிட்டேன், இனி நீங்கள் குதித்தாலும் பிரயோஜனமில்லை என்பது போலத்தான் இருந்தது அவள் நின்ற தினுசு.

அகமது தவழ்ந்து வந்து சபாபதியின் குடைக்கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இந்தப் பையன் குடிக்கவேண்டிய பாலைத்தான் மூன்று நாளாகத் தன் மகள் குடித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் சபாபதிக்கு உறைத்தது போலும். குடையைக் கீழே போட்டுவிட்டு அவனை இரண்டு கையாலும் வாரி எடுத்தான். பவுனம்மாளின் பக்கத்தில் வந்து, அவள் தோளில் கிடந்த குழந்தையின் முகத்துக்கு நேராக அவனைப் பிடித்தான்.

"இந்தா பாரு கண்ணு, உன் அண்ணன்" என்றான்.

மூத்தவனை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து, தன் வயிற்றில் இனி எத்தனை பிறந்தாலும் அவர்களுக்கு அண்ணன் என்று கூப்பிட ஆள் கிடையாது என்றே பவுனம்மாள் நினைத்திருந்தாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்க் காத்தூன் பீவியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காலில் விழுந்தபோது தடுத்த காத்தூன் பீவி இந்தத் தடவை கையை இழுத்துக்கொள்ளவில்லை.